பெர்பெரின் கேப்சூல் சுகருக்கு எடுக்கலாமா? மெட்ஃபார்மினுக்கு பதிலா இதே போதுமா?

தூங்காதவன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னிக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன், தப்பான பிரிவுல போட்டிருந்தா மாடரேட்டர் மாத்தி விட்டுடுங்க.

வயசு 44. போன மாசம் ரத்தம் குடுத்ததுல ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட்) 6.3, வெறும் வயித்துல 117. டாக்டர் பாத்துட்டு இன்னும் சுகர் வந்துடுச்சுன்னு சொல்ல முடியாது ஆனா வாசல்ல நிக்கிறீங்கன்னு சொன்னார். மூணு மாசம் டைம் தர்றேன், எடையைக் குறைங்க, நடங்க, திரும்ப டெஸ்ட் பண்ணுவோம், இறங்கலேன்னா மெட்ஃபார்மின் 500 ஆரம்பிச்சுடலாம்னு சொல்லி அனுப்பிட்டார். எனக்கு அந்த மெட்ஃபார்மின்ங்கிற பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்குது, ஏன்னா எங்க அப்பா அதுலதான் ஆரம்பிச்சார், ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகி இப்ப மாத்திரை டப்பா இல்லாம வெளிய கிளம்ப முடியாது, அதைப் பாத்துப் பாத்தே வளந்தவன் நான்.

ராத்திரி தூக்கம் வராம உக்காந்து தேடினா எங்க பாத்தாலும் பெர்பெரின் பெர்பெரின்னு ஒரே பேச்சு. செடியோட வேர்ல இருந்து எடுக்குறது, மெட்ஃபார்மின் மாதிரியே வேலை செய்யும், சைட் எஃபெக்ட் கிடையாது, கொழுப்பும் குறையும், எடையும் குறையும், சுகருக்கும் எடைக்கும் போடுற ஓசெம்பிக் ஊசி இருக்கே, இதுதான் இயற்கை ஓசெம்பிக் அப்படின்னு ஒருத்தர் வீடியோவுல அடிச்சுச் சொல்றார். ஆர்வத்துல 500 மில்லிகிராம் கேப்சூல் ஒரு பாட்டில் வாங்கியும் வச்சுட்டேன். இன்னும் சீல் உடைக்கல.

யாராவது நிஜமாவே எடுத்துப் பாத்தவங்க இருக்கீங்களா? டாக்டர் குடுத்த இந்த மூணு மாசத்துல இதைப் போட்டு நம்பரை இறக்கிட்டா மெட்ஃபார்மின் வேண்டாம்னு சொல்லிடுவார்ல? பிபிக்கு மட்டும் தினம் ஒரு மாத்திரை எடுக்குறேன், வேற ஒண்ணும் இல்ல.


கிழக்குவெளி எழுதியது:

நான் எடுக்குறேன் ப்ரோ, எட்டு மாசமாச்சு. 6.4ல இருந்து 6.0 வந்திருக்கு. காலைலயும் ராத்திரியும் சாப்பிடும்போது ஒண்ணு ஒண்ணு. முதல் பத்து நாள் வயிறு ஒரு வழி பண்ணிடுச்சு, ஒரு நாள் லூஸ் மோஷன் மறுநாள் அதுக்கு நேர் எதிரா கட்டிக்கும், விட்டுடலாமான்னு நினைச்சேன், அப்புறம் ரெண்டு வாரம் ஒரு கேப்சூல் மட்டும் எடுத்துட்டு மெதுவா கூட்டினேன், செட் ஆயிடுச்சு. வெறும் வயித்துல மட்டும் போட்டுடாதீங்க. சைட் எஃபெக்டே இல்லேன்னு சொல்ற வீடியோக்காரரை என் வீட்டு பாத்ரூமுக்கு அனுப்பி வைங்க 😄

ஆனா உண்மையைச் சொல்லணும்ல, அதே சமயத்துல நானும் நடக்க ஆரம்பிச்சேன், அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு. எதால இறங்குச்சுன்னு கேட்டா சத்தியமா எனக்குத் தெரியாது.


நடைபயணி எழுதியது:

ஒரே வார்த்தை, நடங்க.

சும்மா சொல்லல. அமெரிக்காவுல டயாபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராம்னு ஒண்ணு நடந்துச்சு, 2002ல ரிசல்ட் வெளியிட்டாங்க, மூவாயிரத்துக்கு மேல ஆளுங்க, எல்லாரும் உங்கள மாதிரியே வாசல்ல நின்னவங்கதான். ஒரு கூட்டத்துக்கு மெட்ஃபார்மின், ஒரு கூட்டத்துக்கு வெறும் டம்மி மாத்திரை, இன்னொரு கூட்டத்துக்கு வாரம் 150 நிமிஷம் உடற்பயிற்சி, உடம்பு எடையில 7 சதவீதம் குறைக்கணும்னு டார்கெட். டம்மி மாத்திரைக் கூட்டத்தோட ஒப்பிட்டா மெட்ஃபார்மின் எடுத்தவங்களுக்கு சுகர் வர்றது 31 சதவீதம் குறைஞ்சுது, நடந்தவங்களுக்கு 58. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நீங்க பயப்படுற மாத்திரையையே நடை ஜெயிச்சிருக்கு, அப்புறம் எதுக்கு அந்த மாத்திரையோட ஒண்ணுவிட்ட தம்பியைத் தேடிப் போறீங்க?


மருந்துப்பெட்டி எழுதியது:

பதினஞ்சு வருஷமா மருந்துக்கடை கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிறவன். டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல, பெர்பெரின் ஃபிராடு கிடையாது. இங்க நிறைய பேர் இதைத் தூக்கிக் கடாசிடுவாங்க, அது நியாயம் இல்ல. மரமஞ்சள்ல இருக்கிற அந்த மஞ்சள் நிறமே இதுதான், இது ஆல்கலாய்டுங்கிற ஒரு வகை செடி ரசாயனம், சீனாவுல காப்டிஸ்னு ஒரு செடியோட வேர்லயும் இருக்கு, அங்க இதை வயித்துப்போக்குக்குத்தான் ரொம்ப காலமா குடுத்துட்டு வந்தாங்க. சுகர் குறையுதுங்கிறது பின்னாடி கவனிச்சது. 2008ல அங்க ரெண்டு ஆய்வு வந்துச்சு, வீடியோக்காரங்க எல்லாம் சுத்திச் சுத்தி அதைத்தான் சொல்வாங்க. ஒண்ணுல புதுசா சுகர் கண்டுபிடிச்ச 36 பேர், பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின், பாதிப் பேருக்கு பெர்பெரின், ரெண்டும் 500 மில்லிகிராம் தினம் மூணு வேளை, மூணு மாசம். பெர்பெரின் எடுத்தவங்களுக்கு ஏ1சி சராசரியா 9.5ல இருந்து 7.5க்கு வந்துச்சு, மெட்ஃபார்மினுக்கு சமமா. இன்னொண்ணு 116 பேர், தினம் ஒரு கிராம், 7.5ல இருந்து 6.6. டம்மி எடுத்தவங்களுக்கும் 7.6ல இருந்து 7.3 இறங்குச்சு, இதை மட்டும் யாரும் வீடியோவுல சொல்ல மாட்டாங்க.

இப்ப இந்த நம்பரை உத்துப் பாருங்க தூங்காதவன். 9.5ல இருக்கிறவனுக்கு ரெண்டு பாயிண்ட் இறங்கும், ஏன்னா இறங்க இடம் இருக்கு. நீங்க நிக்கிறது 6.3. உங்களுக்கு ரெண்டு பாயிண்ட் இறங்கப் போறதில்ல, இறங்கவும் கூடாது. எந்த சுகர் மருந்துக்கும் இதே கதைதான், மேல இருந்தா நிறைய இழுக்கும், கீழ இருந்தா கொஞ்சம்தான். அதனால அந்த ஆய்வைக் காட்டி உங்களுக்கு எவ்வளவு குறையும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதோட எல்லாம் மூணு மாச ஆய்வு, சின்னச் சின்னக் கூட்டம். மெட்ஃபார்மினுக்கு 1998ல இங்கிலாந்துல வருஷக்கணக்கா ஆளுங்களைத் தொடர்ந்து பாத்து, எடை அதிகமா இருந்தவங்களுக்கு ஹார்ட் அட்டாக்கும் சாவும் குறைஞ்சுதுன்னு காட்டினாங்க. பெர்பெரினுக்கு அந்த மாதிரி ஒண்ணு கிடையாது, ரிப்போர்ட்ல நம்பர் குறையும்ங்கிற வரைக்கும்தான் காட்டியிருக்காங்க.

வேலை செய்யுற விதம் கேட்டா சிரிப்பீங்க, மெட்ஃபார்மினோட ரொம்ப ஒத்துப்போகுது. செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுல லேசா பிரேக் போடுது, செல்லு ஐயோ சார்ஜ் கம்மியாகுதேன்னு ஏஎம்பிகேன்னு ஒரு சுவிட்சைப் போடுது, உடனே கல்லீரல் சர்க்கரை தயாரிக்கிறதைக் குறைச்சுக்கும், தசை சர்க்கரையை இழுத்துக்கும். இத்தனைக்கும் வாயால சாப்பிடுற பெர்பெரின் ரத்தத்துக்குள்ள போய்ச் சேர்றதே ரொம்ப ரொம்பக் கம்மி, எலிக்குக் குடுத்துப் பாத்ததுல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. மீதி பூரா குடல்லயே கிடக்குது, கிழக்குவெளிக்கு பாத்ரூம்ல நடந்த கதைக்கும் அதுல பங்கு இருக்கு.

அப்புறம் இந்த இயற்கை விவகாரம். மெட்ஃபார்மின் எங்க இருந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? கலேகான்னு ஐரோப்பாவுல ஒரு செடி, ஆடு நிறைய மேஞ்சா செத்தே போயிடும், அவ்வளவு விஷம். அதுல இருந்த பொருள் சர்க்கரையைக் குறைக்குதுன்னு கண்டுபிடிச்சு, அந்த வழியில போய்ப் போய் விஷம் கம்மியான ஒண்ணை லேப்ல செஞ்சு, 1957ல ழான் ஸ்டெர்ன்னு பிரெஞ்சு டாக்டர் ஒருத்தர் மனுஷங்களுக்குக் குடுத்த ரிசல்ட்டை வெளியிட்டார். இப்ப டாக்டருங்க சுகருக்கு எழுதுற டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைக்கு மூலம் ஆப்பிள் மரப்பட்டையில இருந்து 1835ல எடுத்த ஒரு பொருள். செடியில இருந்து வந்தா நல்லது, மாத்திரையா வந்தா கெட்டதுன்னு நீங்க போட்டு வச்சிருக்கிற கோடு இருக்கே, அந்தப் பக்கமும் செடிதான் சார்.

முக்கியமான விஷயம், பெர்பெரின் மத்த மாத்திரைங்களோட சண்டை போடும். கல்லீரல்ல மருந்தை உடைக்கிற என்சைம்ல மூணு நாலை இது மந்தப்படுத்துது. நீங்க பிபிக்கு ஒரு மாத்திரைன்னு போறபோக்குல எழுதிட்டீங்க. அது என்ன மாத்திரை?


பச்சைக்கிளி எழுதியது:

ஒரு சின்ன சந்தேகம், சமையல் மஞ்சள்லயும் இது இருக்குமா அண்ணா? ரெண்டும் மஞ்சள்தானே.


மருந்துப்பெட்டி எழுதியது:

இல்லம்மா. அதுல நிறம் குடுக்குறது குர்குமின், அது வேற குடும்பம், வேற பொருள். பேர்ல மஞ்சள் இருக்கு, நிறமும் மஞ்சள், உறவு அவ்வளவுதான்.


தாழம்பூ எழுதியது:

இதைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எங்க அம்மாவுக்கு ஏற்கனவே சுகர், கிளிமிபிரைடு மாத்திரை எடுத்துட்டிருந்தாங்க. சொந்தக்காரர் ஒருத்தர் நல்ல எண்ணத்துலதான் பெர்பெரின் வாங்கிக் குடுத்திருக்கார், அம்மாவும் செடி மருந்துதானேன்னு யார்கிட்டயும் சொல்லாம ரெண்டையும் சேத்து எடுத்திருக்காங்க. மூணாவது வாரம் ஒரு நாள் காலைல பேச்சு குழறுது, வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, நாங்க பக்கவாதம்னு நினைச்சு அலறிட்டோம். மெஷின்ல பாத்தா 52. சர்க்கரைத் தண்ணி குடுத்து, கொஞ்ச நேரத்துல சரியாயிட்டாங்க, ஆனா அந்தப் பத்து நிமிஷத்தை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அப்புறம் டாக்டர்கிட்ட போனப்ப வேற ஏதாவது எடுக்குறீங்களான்னு கேட்டார், அம்மா இல்லேன்னு தலையாட்டுறாங்க! நான்தான் பாட்டிலை எடுத்து டேபிள் மேல வச்சேன். அவங்களைப் பொறுத்தவரைக்கும் அது மருந்தே இல்ல, அதனால பொய் சொன்னதாவும் அவங்களுக்குத் தோணல.


மருந்துப்பெட்டி எழுதியது:

தாழம்பூ, அம்மா இப்ப நல்லா இருக்காங்களா? நீங்க சொன்னது புத்தகத்துல இருக்கிற மாதிரியே நடந்திருக்கு. பெர்பெரின் தனியா எடுத்தா சுகர் அவ்வளவு தாழ்ந்து போறது அபூர்வம், ஆனா கிளிமிபிரைடு மாதிரி கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரையோடவோ இன்சுலின் ஊசியோடவோ சேந்தா ஆபத்து. அதுவும் இதுல ரெண்டு பக்க அடி, பெர்பெரினும் சுகரைக் குறைக்கும், கிளிமிபிரைடை உடம்புல இருந்து வெளியேத்துற என்சைமையும் அது மந்தப்படுத்தலாம்.


தாழம்பூ எழுதியது:

நல்லா இருக்காங்க அண்ணா, நன்றி. இப்ப யாராவது பவுடர் கேப்சூல்னு கொண்டு வந்தா அவங்களே டாக்டர்கிட்ட கேட்டியான்னு கேக்குறாங்க 🙂


தூங்காதவன் எழுதியது:

இவ்வளவு பதில் எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. மருந்துப்பெட்டி சார், பிபி மாத்திரை லோசார்டான் 50. அதுக்கும் இதுக்கும் ஏதாவது இருக்கா? சுகருக்கும் பிபிக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சுத்தான் பெருசா எழுதல.


மருந்துப்பெட்டி எழுதியது:

இருக்கு. சொல்லப்போனா நேரடியா லோசார்டானை வச்சே டெஸ்ட் பண்ணியிருக்காங்க. லோசார்டான் அப்படியே போய் பெரிசா வேலை செய்யுறதில்ல, கல்லீரல்ல சிஒய்பி2சி9னு ஒரு என்சைம் அதை வீரியமான வடிவமா மாத்தினாத்தான் முழு பலன். ஆரோக்கியமான ஆளுங்களுக்கு 300 மில்லிகிராம் பெர்பெரின் தினம் மூணு வேளை ரெண்டு வாரம் குடுத்துப் பாத்ததுல அந்த மாத்துற வேலை நல்லாவே குறைஞ்சிருக்கு. 2012ல வந்த ஆய்வு. அதனால உங்க பிபி ஏறியே தீரும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஏறினா நீங்க மாத்திரையைக் குத்தம் சொல்வீங்க, டாக்டர் 50ஐ 100 ஆக்குவார், பின்னாடி நடந்தது ரெண்டு பேருக்குமே தெரியாது.

கொழுப்பு மாத்திரை ஸ்டாட்டின் சிலது, ரத்தம் உறையாம இருக்க குடுக்குற வார்ஃபரின், கிட்னி மாத்தினவங்க எடுக்குற சைக்ளோஸ்போரின், இதெல்லாமும் இந்த லிஸ்ட்ல வரும். சைக்ளோஸ்போரின் அளவு ரத்தத்துல ஏறுறதை நேர்லயே அளந்து பாத்திருக்காங்க, அவங்க பக்கமே வரக் கூடாது.

கர்ப்பமா இருக்கிறவங்க, பால் குடுக்குறவங்க, கைக்குழந்தை, தொடவே கூடாது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கும்போது இது போனா காமாலைக்குக் காரணமான பிலிருபின்ங்கிற மஞ்சள் பொருள் மூளைக்குள்ள போற ஆபத்து இருக்கு. சிங்கப்பூர்ல 1978ல இதுக்குத் தடையே போட்டாங்க, ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் எடுத்தாங்க.


கிழக்குவெளி எழுதியது:

அண்ணே நான் ராத்திரி அடார்வாஸ்டாட்டின் போடுறேன்... டாக்டர்கிட்ட பெர்பெரின் பத்தி சொல்லவே இல்ல. திட்டுவார்னு பயம். போன தடவை கொழுப்பு நல்லா குறைஞ்சிருக்குன்னு அவரே பாராட்டினார், நானும் பல்லைக் காட்டிட்டு வந்துட்டேன்.


மருந்துப்பெட்டி எழுதியது:

அடப்பாவி. சொல்லிடுங்க, இந்த வாரமே. கொழுப்பு குறைஞ்சது பெர்பெரினாலயும் இருக்கலாம், 2004லயே சீனாவுல தினம் ஒரு கிராம் மூணு மாசம் குடுத்து கெட்ட கொழுப்பு 25 சதவீதம் இறங்கினதைக் காட்டியிருக்காங்க, ஸ்டாட்டின் போற வழி வேற இது போற வழி வேற. ஆனா அடார்வாஸ்டாட்டினை உடைக்கிற என்சைமையும் இது கொஞ்சம் தடுக்கும், அப்ப ஸ்டாட்டின் ரத்தத்துல தேங்கும், அது தசையைப் பாதிக்கலாம். தொடை, தோள்பட்டையில காரணமில்லாம வலியோ சோர்வோ இருந்தா உடனே சொல்லுங்க, சிறுநீர் டீ நிறத்துல போனா அன்னிக்கே ஓடுங்க. நாளைக்கே ஏதோ ஆயிடும்னு இல்ல, ஆனா மருந்து எழுதுறவருக்குத் தெரியாம ஓடுற மருந்து இருக்கக் கூடாது.


நடைபயணி எழுதியது:

இன்னொண்ணு, பாட்டில்ல 500னு போட்டிருந்தா உள்ள 500 இருக்கும்னு என்ன கேரண்டி? அமெரிக்காவுல கடைல விக்கிற 15 பெர்பெரின் பிராண்டை லேப்ல அளந்தப்ப ஒம்போது பிராண்ட் தேறல, ஒண்ணுல லேபிள்ல போட்டதுல மூணுல ஒரு பங்குதான் இருந்துச்சாம். 2018ல வந்த ஆய்வு. மெட்ஃபார்மின் கம்பெனி இப்படிப் பண்ணா அரசாங்கம் அந்த பேட்சையே திரும்ப எடுக்கச் சொல்லும், இவங்க சப்ளிமெண்ட்னு பேர் வச்சுக்கிட்டு தப்பிச்சுக்குவாங்க.


பச்சைக்கிளி எழுதியது:

எடை குறையுறது நிஜமா? அந்த ஓசெம்பிக் விஷயம்?


மருந்துப்பெட்டி எழுதியது:

2023ல டிக்டாக்ல கிளம்பின புரளி அது. ஓசெம்பிக் ஜிஎல்பி-1 ஹார்மோன் மாதிரி நடிச்சு பசியையே அடக்கும், அதே மருந்தை எடைக்காக அதிக அளவுல குடுத்த ஆய்வுகள்ல உடம்பு எடையில பத்து சதவீதத்துக்கு மேலயே குறையுது. பெர்பெரினுக்கு கிடைச்சது ரெண்டு கிலோ சுத்தி, அதுவும் எல்லாருக்கும் இல்ல. அதுல பேதியால குறைஞ்சது எவ்வளவுன்னு நான் கேக்க மாட்டேன்.


தூங்காதவன் எழுதியது:

சார் இன்னும் ஒரே ஒரு கேள்வி, கோவிச்சுக்காதீங்க. டாக்டர்கிட்ட சொல்லிட்டு, அவரும் சரின்னா, இந்த மூணு மாசத்துலயே ஆரம்பிக்கலாமா?


மருந்துப்பெட்டி எழுதியது:

அவர் சரின்னா நான் யாரு வேண்டாம்னு சொல்ல. ஆனா என்னைக் கேட்டா இந்த மூணு மாசம் வேண்டாம், காரணம் ஆபத்து கூட இல்ல. சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் உயிரோட இருக்கும், அதுல ஒட்டின சர்க்கரையைத்தான் ஏ1சின்னு அளக்குறோம், அதனாலதான் அவர் மூணு மாசம்னு சொன்னார். நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மட்டுமே உங்க உடம்புல என்ன பண்ணுதுன்னு பாக்க அவர் வச்ச பரீட்சை அது. நடுவுல கேப்சூலைப் போட்டுட்டு 5.9 வந்துச்சுன்னு வைங்க, எது இறக்குச்சு? கிழக்குவெளி எட்டு மாசமாகியும் அந்தக் கேள்விக்கு பதில் இல்லாமத்தான் உக்காந்திருக்கார். அப்புறம் கேப்சூலை நிறுத்தவும் பயமா இருக்கும், உங்க அப்பா டப்பா மாதிரி உங்களுக்கும் ஒரு டப்பா, என்ன, லேபிள்ல இலை படம் போட்டிருக்கும்.

அப்பாவைப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா? ஒண்ணு நாலாச்சுன்னா அது மெட்ஃபார்மின் பண்ண வேலை இல்ல. வருஷம் போகப் போக கணையம் களைச்சுப் போகுது, அதான் ஒவ்வொண்ணா கூடுது. மெட்ஃபார்மினுக்கும் குறை இருக்கு, முதல்ல வயித்தைப் படுத்தும், வருஷக்கணக்கா எடுத்தா பி12 குறையலாம், அதுக்கு டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கலாம். ஆனா அது அறுவது வருஷத்துக்கு மேலா கோடிக்கணக்கான பேர் மேல பழகின குதிரை.


தூங்காதவன் எழுதியது:

அந்த கடைசி விஷயம் எனக்கு யாருமே சொன்னதில்ல சார். இருபது வருஷமா அந்த மாத்திரைதான் அப்பாவை இப்படி ஆக்கிடுச்சுன்னு நினைச்சுட்டிருந்தேன்.

சரி, பாட்டில் அப்படியே இருக்கட்டும். பொய் சொல்லக் கூடாது, சீலை உடைச்சுட்டேன், நேத்து ராத்திரி இதையெல்லாம் படிச்சுட்டு உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு கேப்சூலை மட்டும் பிரிச்சுப் பாத்தேன். நுனி நாக்குல வச்சதுக்கே அப்படி ஒரு கசப்பு, விரல் ரெண்டும் மஞ்சளாயிடுச்சு, சோப்பு போட்டுத் தேச்சும் போகல, இன்னிக்கு ஆபீஸ்ல ஒருத்தர் பெயிண்ட் அடிச்சியான்னு கேட்டார். நாளைல இருந்து காலைல நாப்பது நிமிஷம் நடக்குறதா இருக்கேன், ரிசல்ட் வந்ததும் இதே இழையில நம்பரைப் போடுறேன், நல்லா வந்தாலும் சரி வராட்டியும் சரி.


கிழக்குவெளி எழுதியது:

டாக்டர் அப்பாயின்ட்மெண்ட் வெள்ளிக்கிழமைக்கு வாங்கிட்டேன் அண்ணே. பாட்டிலையும் எடுத்துட்டுப் போறேன்.